பின்பட்டக் கோதுமை: பயிரில் தெரியும் அறிகுறி, விதைப்பு நாளில் நடந்த தவறு

டிசம்பர் 10-க்கு மேல் விதைத்த கோதுமையைப் பற்றிப் போன் வந்தால், பேசுகிறவர் எடுத்த எடுப்பிலேயே "என்ன அடிக்கலாம்?" என்றுதான் கேட்பார். என்ன தெரிகிறது, எந்த இலையில் தெரிகிறது, வயல் முழுக்கவா ஒரு மூலையிலா என்பதெல்லாம் நாம் துருவிக் கேட்டால்தான் வெளியே வரும். அரியானாவில் கர்னால், கைத்தல் பக்கமும் அப்புறம் கொஞ்ச காலம் பீகாரிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கென்று ஒரு வரிசை பழகிவிட்டது. வேளாண் படிப்பு முடித்து உரக் கம்பெனி, விதைக் கம்பெனி, வங்கி என்று வடக்கே வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் நெல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள். கோதுமையைப் பாடப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அவர்களுக்காகத்தான் இது.

முதலில் பட்டத்தைப் பற்றி. பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் அடங்கிய வடமேற்குச் சமவெளியில் கோதுமை விதைக்க நவம்பரின் முதல் மூன்று வாரம்தான் சரியான காலம். நவம்பர் 25 தாண்டினால் பின்பட்டம். ஊரில் 'பச்சேதி' என்பார்கள். டிசம்பர் 25-ம் தாண்டினால் மிகப் பின்பட்டம். யாரும் சோம்பலில் தாமதிப்பதில்லை. பாசுமதி அறுவடை முடிந்து வயல் கைக்கு வரவே நவம்பர் பாதி ஓடிவிடும். பருத்திக் காட்டில் கடைசிப் பறிப்பு பாக்கி இருக்கும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆலையிலிருந்து வெட்டுச் சீட்டு வந்தால்தான் கரும்பு நிலம் காலியாகும். பீகாரில் ஸ்வர்ணா மாதிரி நீண்ட நாள் நெல்லை அறுத்த பிறகும் தாழ்ந்த நிலம் டிராக்டர் இறங்கும் அளவுக்குக் காய்வதில்லை.

விதைப்பு தள்ளிப் போகிறது, ஆனால் மார்ச் வெயில் தள்ளிப் போவதில்லை. அதனால் பயிருக்கு இரண்டு முனையிலும் நெருக்கடி. தொடக்கத்தில் குளிர், முடிவில் சூடு. சரியான நாளுக்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 1 சதவீதம் போகும் என்பது இங்கே பொதுக் கணக்கு.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்று. யூரியா, தண்ணீர், பூச்சி, பூஞ்சாணம் இவற்றில் நடந்த தவறைப் பயிர் நிற்கும்போதே ஓரளவு சரிசெய்யலாம். விதைத்த ரகத்தையும் மண்ணுக்குள் போன மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அப்படிச் செய்ய முடியாது. இரண்டும் விதைப்பு நாளன்றே முடிந்துபோன கதை. நான் பார்த்த பின்பட்ட வயல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருந்தது. விவசாயி செலவு செய்து கொண்டிருந்ததோ மற்றவற்றுக்கு.

முளைப்பு திட்டுத் திட்டாக இருக்கிறது

நவம்பர் தொடக்கத்தில் ஒரு வாரத்தில் தலைகாட்டும் பயிர், டிசம்பர் நடுவில் பத்து முதல் பதினைந்து நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே பத்தாம் நாளில் பதற வேண்டாம். அதற்கு மேலும் காலியாகக் கிடந்தால் கத்தியால் ஒரு சாண் நீளத்துக்கு வரிசையைக் கீறிப் பாருங்கள்.

விதை 6 செ.மீ.க்குக் கீழே கிடந்து, வெள்ளை முளை வளைந்து நெளிந்து மேலே வர முடியாமல் தவித்தால் ஆழம் தவறு. குட்டை ரகங்களின் முளையுறை குட்டையாகவே இருக்கும்; 4 முதல் 6 செ.மீ.தான் அதன் எல்லை. விதை ஊதி, பழுப்பாகி, அருகில் உரக் குருணை ஒட்டிக் கிடந்தால் உரச் சூடு. யூரியாவை விதையோடு கலந்து ஒரே பெட்டியில் போட்டிருப்பார்கள். விதை நன்றாகவே முளைத்து, ஆனால் வரிசையில் செடிகள் குறைவு என்றால் விதையளவைக் கேளுங்கள். ஏக்கருக்கு 40 கிலோ என்பது உரிய பட்டத்துக்கான அளவு. குளிரில் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு) குறைவாகத்தான் வெடிக்கும் என்பதால் பின்பட்டத்தில் 50 கிலோ வேண்டும், வரிசை இடைவெளியையும் 20–22 செ.மீ.யிலிருந்து 15–18 ஆகச் சுருக்க வேண்டும்.

இன்னும் விதைக்காதவருக்கு ஒரு சின்ன வேலை சொல்வேன்: விதையை 4 முதல் 6 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து ஒரு நாள் நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்வேன். முளைப்பு முந்தும். காசு செலவில்லாத வேலை, அதனாலேயே பலரும் செய்வதில்லை.

கரும்பச்சை இலை, அடித்தண்டில் ஊதா, தூர் கட்டவில்லை

இதுதான் பின்பட்டத்தின் தலையாய அறிகுறி. ஏமாற்றும் அறிகுறியும் இதுவே. மணிச்சத்துப் பற்றாக்குறை பயிரை மஞ்சளாக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் பக்கத்து வயலைவிட இது கறுப்பாக, 'நல்ல பச்சை'யாகத் தெரியும். கிட்டே போனால்தான் பயிர் குட்டை, இலை குறுகலாக விறைப்பாக நிற்கிறது, பச்சையில் ஒரு மங்கல் நீலம் ஓடுகிறது என்று புரியும். கீழ் இலைகளின் நுனியும் தண்டின் அடியும் ஊதா. உரிய வயதில் மூன்று, நான்கு தூர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைத் தண்டு நிற்கும்.

குளிரும் ஊதாவைக் கொடுக்கும், அதுதான் சிக்கல். ஜனவரியில் நாலைந்து நாள் பனிமூட்டம் சூரியனை மறைத்தால் நல்ல வயலும் ஊதா பூசிக்கொள்ளும். பிரித்தறிய எனக்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, காத்திருப்பது. குளிரால் வந்த ஊதா வெயில் அடித்த நாலைந்து நாளில் புது இலையில் காணாமல் போகும். சத்துக் குறையால் வந்தது கீழிலையில் நின்றுகொண்டே இருக்கும், தூரும் வராது.

இரண்டு, வயலின் தலைமாட்டுக்குப் போவது. விதைப்புக் கருவியைத் திருப்பும் இடத்தில் உரம் இரண்டு முறை விழுந்திருக்கும். அங்கே மட்டும் பயிர் ஒரு கை உயரமாகத் தூர் கட்டி நின்றால், நடுவயலுக்கு உரம் போதவில்லை என்று அந்த இடமே சொல்லிவிடுகிறது. அது தழைச்சத்தா (நைட்ரஜன்) மணிச்சத்தா என்ற சந்தேகம் வரும். நடுவயல் வெளிறியிருந்தால் தழை, கறுத்திருந்தால் மணி.

மூன்று, வரிசையைப் பார்ப்பது. கைத்தல் பக்கம் பாசுமதிக்குப் பின் டிசம்பர் 12-ல் விதைத்த ஒரு வயலுக்கு ஜனவரி இரண்டாம் வாரம் போயிருந்தேன். கருவிக்கு ஒன்பது கொழு. ஒன்பதில் ஒரு வரிசை மட்டும், வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கயிறு பிடித்த மாதிரி குட்டையாக ஓடியது. மறுபடி ஒன்பது வரிசை தள்ளி இன்னொரு குட்டை வரிசை. விவசாயி புழு என்று நினைத்து ஏற்கெனவே ஒரு மருந்து அடித்திருந்தார். புழு ஒன்பது எண்ணி வராது. கொட்டகைக்குப் போய்க் கருவியின் உரக் குழாயைக் கழற்றினோம். உள்ளே ஒரு கட்டை விரல் தடிமனுக்கு டிஏபி (மணிச்சத்து மிகுந்த குருணை உரம்) கெட்டிப்பட்டு அடைத்திருந்தது. பனி பெய்யும் காலையில் பெட்டியைத் திறந்து வைத்தால் குருணை ஈரம் இழுத்து இப்படித்தான் அப்பிக்கொள்ளும். விதைக் குழாய் தனி என்பதால் விதை ஒழுங்காக விழுந்திருந்தது, உரம் மட்டும் விழவில்லை.

அந்தக் குட்டை வரிசையில் உட்கார்ந்து யோசித்தால் மணிச்சத்தைப் பற்றிய பாடம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் 18 செ.மீ. தள்ளி டிஏபி கிடக்கிறது. ஒரு மாதம் ஆகியும் அது இந்த வரிசைக்கு வந்து சேரவில்லை. யூரியா தண்ணீரோடு ஓடும். மணிச்சத்து விழுந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். குளிர்ந்த மண்ணில் வேர் நத்தை வேகத்தில்தான் போகும், மண்ணிலிருந்து வேருக்கு வந்து சேரும் அந்தக் கொஞ்சமும் மெதுவாகும். நவம்பர் 5-ல் விதைத்த பயிர் சமாளித்துவிடும் அளவிலேயே டிசம்பர் 15-ல் விதைத்த பயிர் பட்டினி கிடப்பது இதனால்தான்.

இங்கேதான் வழக்கமான ஒரு தப்புக் கணக்கு வரும். பட்டம் தப்பிவிட்டது, விளைச்சல் எப்படியும் குறையும், உரத்தையும் குறைத்துக்கொள்வோம் என்று டிஏபியை முக்கால் மூட்டை ஆக்குவார்கள். யூரியாவை மட்டும் குறைப்பதில்லை, கூட்டுவார்கள். பச்சை சீக்கிரம் தெரியுமே! செய்ய வேண்டியது நேர்மாறு. வடமேற்கில் உரிய பட்டத்துக்கான பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழை, 60 மணி, 40 சாம்பல் (பொட்டாஷ்). பின்பட்டத்தில் தழை 120 ஆக இறங்கும். மணிச்சத்து அதே 60 கிலோதான். ஏக்கருக்கு 24 கிலோ.

24 கிலோ எப்படிக் கிடைக்கும்? 50 கிலோ டிஏபி மூட்டையில் 46 சதவீதம் மணிச்சத்து, அதாவது 23 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை, கணக்கு முடிந்தது. அதில் 9 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுவதால் 45 கிலோ யூரியா மூட்டை இரண்டு போதும். டிஏபி கிடைக்கவில்லையா? 2024 ரபியில் (குளிர்காலச் சாகுபடிப் பருவம்) பஞ்சாபிலும் அரியானாவிலும் கடை வாசலில் வரிசை நின்றதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். 12:32:16 கலப்பு உரம் ஒன்றரை மூட்டை போட்டால் மணிச்சத்து 24, தழை 9, கூடவே 12 கிலோ சாம்பல் சத்து. சூப்பர் பாஸ்பேட் என்றால் மூன்று மூட்டை. தழைச்சத்து இல்லாததால் அடியில் 20 கிலோ யூரியா தனியாகச் சேர்க்க வேண்டும், பதிலுக்குக் கந்தகம் இலவசமாகக் கிடைக்கும். டிஏபிக்காகப் பத்து நாள் காத்திருந்து விதைப்பைத் தள்ளினவரைப் பார்த்திருக்கிறேன். பத்து நாளுக்குப் பத்து சதவீதம் போயிற்று. அந்த விலைக்கு அவர் எந்த உரத்தையும் வாங்கியிருக்கலாம்.

சரி, பயிர் ஏற்கெனவே ஊதாவாக நிற்கிறது. இப்போது என்ன?

அடியுரமே போடாமல் விட்ட வயல், முதல் தண்ணீர் இன்னும் விடவில்லை என்றால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தண்டின் அடிக்கணுவிலிருந்து புது வேர் கிளம்பும் பருவத்தை இங்கே எல்லோரும் சிஆர்ஐ என்றுதான் சொல்வார்கள். நவம்பர் விதைப்பில் இது 21 நாளை ஒட்டி வரும், பின்பட்டத்தில் நாலாவது வாரம் ஆகும். புது வேர்கள் மேல்மண்ணிலேயே கிளம்புவதால், தண்ணீருக்கு முன் டிஏபியை வரிசை ஓரமாக இட்டு லேசாகக் கொத்திவிட்டால் கொஞ்சம் பயன் கிடைக்கும். விதையோடு போட்டதற்கு இது ஈடாகாது, அதை விவசாயியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிஆர்ஐ தாண்டி, இரண்டாம் தண்ணீரும் விட்டாயிற்று என்றால் டிஏபி மூட்டையை வயலுக்குக் கொண்டு போகவே வேண்டாம். மண்ணின் மேல் தோலில் அது கிடக்கும், அடுத்த நெல்லுக்குப் போகும்.

இலைவழி தெளிப்பைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மனக்கணக்கு போட்டுக் காட்டுங்கள்: 2 சதவீத டிஏபி கரைசல் என்பது 200 லிட்டரில் 4 கிலோ. அதில் மணிச்சத்து 2 கிலோகூட இல்லை. தேவை 24. நானோ டிஏபி 500 மில்லி புட்டியில் 16 சதவீதம் என்று எழுதியிருக்கும். எடை போட்டால் 80 கிராம். இந்தத் தெளிப்புகள் பயிரைக் கொஞ்சம் தெளிய வைக்கலாம், அடியுரத்தின் இடத்தைப் பிடிக்காது. நான் பரிந்துரைப்பது குறைவு, தடுப்பதும் இல்லை.

டிஏபி சரியாகத்தான் போட்டேன், பலன் இல்லை

முதலில் மூட்டையைச் சந்தேகப்படுங்கள். பீகாரில் ஒரு பெரியவர் எனக்குக் காட்டிய சோதனை இது. காய்னிப் புகையிலை தேய்க்கிற மாதிரி, உள்ளங்கையில் நாலு டிஏபி குருணையை வைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி. சுண்ணாம்பு டிஏபியிலிருந்து அம்மோனியாவைக் கிளப்பி விடுகிறது. நெடி வராவிட்டால் அது டிஏபியே இல்லை. சாயம் பூசிய வேறு ஏதோ குருணை. ஆய்வகச் சான்று ஆகாது, ஆனால் கடைக்காரரிடம் பேசப் போகும் தைரியம் கொடுக்கும்.

உரம் அசல்தான் என்றால் எப்படிப் போட்டார் என்று கேளுங்கள். 'சிட்டா', அதாவது கையால் வீசினேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது. வீசிய உரம் வயல் முழுவதும் மண்ணோடு கலந்து, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியத்தோடு சேர்ந்து கெட்டிப்படும். விதைக்குக் கீழேயோ பக்கத்திலோ கோடாக விழுந்த உரம் அவ்வளவு மண்ணைத் தொடாது, அதனால் அதிக நாள் வேருக்குக் கிடைக்கும். பிஎச் 8.5-க்கு மேல் போன களர் நிலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்; அங்கே ஜிப்சம் போட்டு நிலத்தைத் திருத்தாமல் உரத்தைக் கூட்டிக் கொண்டே போவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது காரணம் பலருக்குக் கசக்கும்: அந்த வயலுக்கு மணிச்சத்து தேவையே இல்லாமல் இருக்கலாம். உருளைக்கிழங்குக்கு மூட்டை மூட்டையாக டிஏபியும் குப்பையும் கொட்டியிருப்பார்கள். கிழங்கு எடுத்தது போக மிச்சம் மண்ணில்தான் இருக்கிறது. மண் பரிசோதனை அட்டையில், ஓல்சன் என்ற ஆய்வு முறையில் அளந்த மணிச்சத்து ஹெக்டேருக்கு 25 கிலோவுக்கு மேல் காட்டினால் அது உயர்ந்த அளவு. 10-க்குக் கீழே என்றால்தான் பஞ்சம். உருளைக்கிழங்கு வயலில் டிஏபி போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் ஒன்றாக நிற்பதைப் பார்த்துவிட்டு "உரம் போலி" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர் ஒருவர் உண்டு. சுண்ணாம்பு சோதனையில் உரம் தேறியது, அவர்தான் சமாதானம் ஆகவில்லை.

நெல்–கோதுமைச் சுழற்சியில் மணிச்சத்தை எந்தப் பயிருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. கோதுமைக்குக் கொடுங்கள். தண்ணீர் தேங்கிய சூடான மண்ணில் நெல் பழைய மிச்சத்தையே எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த மண்ணில் கோதுமைக்கு அந்தத் திறமை இல்லை.

மஞ்சள்

மஞ்சள் என்றதும் யூரியா எடுப்பது வடக்கு, தெற்கு இரண்டுக்கும் பொதுவான பழக்கம். எந்த இலை என்று மட்டும் பாருங்கள். கீழிலை நுனியிலிருந்து வெளிறினால் தழைச்சத்து, யூரியா கொடுக்கலாம். மேலே புது இலை வெளிறி, கீழிலை பச்சையாக இருந்தால் கந்தகம். நடு இலைகளில் நரம்புக்கு நடுவே வெளிறி, சாம்பலோ இளஞ்சிவப்போ கலந்த புள்ளிகள் தெரிந்தால் மாங்கனீசு. மணல் பாங்கான நிலத்தில் பல ஆண்டு சேறு கலக்கி நெல் நட்ட வயலில்தான் இது வரும். மண்ணில் போட்டுப் பயனில்லை. ஒரு கிலோ மாங்கனீசு சல்பேட்டை 200 லிட்டரில் கரைத்து வெயில் நாளாகப் பார்த்துத் தெளிக்க வேண்டும், ஒரு வாரம் விட்டு மறுபடி. இலையின் நடுப்பகுதி வெளுத்து அங்கேயே மடங்கித் தொங்கினால் துத்தநாகம். மணிச்சத்து அளவுக்கு மீறிய உருளைக்கிழங்கு வயலில் இதை எதிர்பாருங்கள்.

முதல் தண்ணீர் விட்ட மூன்றாம் நாளே தாழ்ந்த இடத்தில் மஞ்சள் என்றால் சத்துக் குறை இல்லை, வேர் மூச்சுத் திணறுகிறது. வடித்துவிட்டுப் பொறுங்கள்; கெட்டி மண்ணில் முதல் தண்ணீர் லேசாகத்தான் இருக்க வேண்டும்.

இலையில் மஞ்சள் கோடு கோடாக ஓடி, விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டினால் துரு நோய். அதற்கு மட்டும் அன்றைக்கே போன் செய்யச் சொல்லுங்கள். புரோபிகோனசோல் 25 இசி, ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில்.

பயிர் செழிப்பு, கதிர் மட்டும் வரவில்லை

மார்ச் முதல் வாரம். பக்கத்து வயலில் கதிர் பூத்துக் கொண்டிருக்கிறது, இங்கே இலை மட்டும் அலை அலையாக ஆடுகிறது. தண்டைப் பிளந்து பாருங்கள். கதிர் இன்னும் பொதிக்குள் விரல் நீளத்துக்கு ஒளிந்திருக்கும். விவசாயி பெருமையாகவே காட்டுவார். நமக்கு வயிற்றைக் கலக்கும்.

இரண்டு காரணம் இருக்கலாம். யூரியா அதிகமாகி பயிர் இளமையிலேயே நிற்பது ஒன்று. மணிச்சத்துக் குறைந்தாலும் கதிர் நாலைந்து நாள் பிந்தும், ஆனால் அங்கே செழிப்பு இருக்காது. இரண்டாவது, ரகம். மூட்டையைக் கேளுங்கள். மூட்டை இல்லை, வீட்டு விதை என்றால் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பெரும்பாலும் எச்டி 2967 அல்லது எச்டி 3086 என்று பதில் வரும். இரண்டும் நல்ல ரகங்கள், நவம்பர் தொடக்கத்துக்கு. எச்டி 2967 உரிய பட்டத்தில் 140–150 நாள் எடுத்துக்கொள்ளும். டிசம்பரில் போட்டால் அவ்வளவு நாள் நிற்காது, சூடு அதைச் சுருக்கிவிடும். சுருங்குவது எங்கே என்பதில்தான் விஷயம் இருக்கிறது: இலை, தண்டு வளரும் காலத்தை விட்டுக்கொடுக்காமல் மணி நிறையும் காலத்தை விட்டுக்கொடுக்கும். அந்த ரகம் மஞ்சள் துருவுக்கு எதிர்ப்பை இழந்துவிட்டது என்பது தனித் தலைவலி.

பின்பட்ட ரகங்கள் வேறு மாதிரி. சுமார் 120 நாளில் முடிப்பவை, கதிர் முந்தி வரும், மணி வேகமாக நிறையும். வடமேற்கில் எச்டி 3059 (பெயரே பூசா பச்சேதி), டிபிடபிள்யூ 173, டபிள்யூஎச் 1124, பிபிடபிள்யூ 771. கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் எச்டி 3118, டிபிடபிள்யூ 107, எச்ஐ 1563. டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கம் என்றால் எச்டி 3271, எச்டி 3298. முன்னெழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம், அவை பிறந்த ஊரைச் சொல்கின்றன: எச்டி டெல்லி பூசா, எச்ஐ இந்தூர், டிபிடபிள்யூ கர்னால், பிபிடபிள்யூ லூதியானா, டபிள்யூஎச் ஹிசார். வடக்கின் கோதுமை என்றாலும் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. கோடையில் சமவெளியில் கோதுமை வளராது என்பதால் ஆராய்ச்சியாளர்கள் ஒரு தலைமுறையை நீலகிரியில் வெலிங்டனில் வளர்த்து எடுப்பார்கள். துரு நோய்த் தாங்கலையும் அங்கேதான் சோதிப்பார்கள்.

நவம்பர் 27, 28 என்று இரண்டு நாள் தாண்டியதற்காகக் கையில் இருக்கும் நல்ல விதையைத் தூக்கிப் போட வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். டிசம்பர் முதல் வாரம் கடந்தால்தான் ரக மாற்றத்தில் கறாராக இருப்பேன். விதைக் கடைக்காரர் நவம்பர் 26 காலையிலேயே பச்சேதி விதையைத் தலையில் கட்டப் பார்ப்பார். அது அவர் பிழைப்பு.

இந்த ஆண்டுப் பயிருக்கு என்ன செய்யலாம்: யூரியாவை உடனே நிறுத்துங்கள். தண்ணீரைக் காய விடாதீர்கள், ஆனால் காற்று அடிக்கும் நாளில் பாய்ச்சினால் செழித்த பயிர் சாயும். மாலையில், காற்று அடங்கிய நாளில், லேசாக. பொட்டாசியம் நைட்ரேட் 2 சதவீதம், அதாவது ஏக்கருக்கு 4 கிலோ 200 லிட்டரில், கொடியிலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) விரியும்போது ஒருமுறையும் பூக்கும்போது ஒருமுறையும் தெளித்தால் சூட்டின் அடி கொஞ்சம் குறையும்.

மணி சுருங்கிவிட்டது

2022 மார்ச் நினைவிருக்கலாம். 1901 முதல் வைத்திருக்கும் பதிவில் அதுவரை அவ்வளவு சூடான மார்ச் இல்லை. உரிய பட்டத்தில் விதைத்த வயலிலேயே மணி சுருங்கியது. பஞ்சாப், அரியானா கொள்முதலில் சுருங்கிய மணிக்கான வரம்பை அரசு 6 சதவீதத்திலிருந்து 18 ஆகத் தளர்த்த வேண்டி வந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்கும் தடை. பின்பட்டக் கோதுமைக்கு அந்த மார்ச் சின்ன அளவில் எல்லா ஆண்டும் வருகிறது.

சுருங்கிய எல்லாவற்றுக்கும் சூடு காரணமில்லை. வயல் முழுக்க ஒரே சீராக, கதிரின் நுனியிலும் அடியிலும் மணி சிறுத்து, இலை நோயில்லாமல் காய்ந்திருந்தால் சூடு. சாய்ந்த இடத்தில் மட்டும் என்றால் யூரியாவும் கடைசித் தண்ணீரும். கதிர் பிசுபிசுத்துக் கறுத்திருந்தால் அசுவினி. இலையில் பொடி படிந்த தடம் இருந்தால் துரு. தலைமாட்டில் மணி திரண்டு நடுவயலில் சுருங்கியிருந்தால் மறுபடி அதே பழைய கதை: வேர் ஆழம் போகவில்லை, மணிச்சத்து எட்டவில்லை, மார்ச் வெயிலில் தண்ணீர் இழுக்க ஆளில்லை.

இந்தக் கட்டத்தில் எதைத் தெளித்தும் மணி திரளாது. அறுவடையில் குட்டை வரிசைகளையும் திட்டுகளையும் குறித்து வையுங்கள். நெல்லுக்கு உழுவதற்கு முன், ஏப்ரல் கடைசியில், அந்த இடத்திலும் நல்ல இடத்திலும் தனித்தனியாக 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அப்படியே கொட்டகைக்குப் போய் விதைப்புக் கருவியின் உரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிசம்பரில் மிச்சமான டிஏபி அடியில் அப்பிக் கிடக்கும். குழாய் ஒவ்வொன்றாகக் கழற்றி, குச்சி விட்டுக் குத்தி, தண்ணீரில் அலசி, காயவைத்துவிட்டு மூடுங்கள்.